இரண்டு கொம்பு

மாலை நாலு இருபதுக்குத் துஷ்யந்தனின் அழைப்பு வந்தது. நான் சென் தெனியில், அலுவலகத்தில் இருந்தேன்.

"அக்கா, தயா போயிட்டாள்."

"எங்கை?" என்று கேட்டேன். அவன் மனைவி தயாளினி, என் தங்கை, ஐந்து மாதக் கர்ப்பிணி. காலையில் வேலைக்குப் போனவள். கடையை விட்டு எங்கே போயிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

"பிள்ளையும்," என்றான்.

தயாளினிக்கு முப்பத்தொரு வயது. 2010இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரான்சுக்கு வந்தாள். லா ஷப்பலில் தவரத்தினம் அண்ணையின் சேலைக் கடையில் ஆறு வருடம் நின்றாள். நின்றாள் என்பது சரியான சொல். விற்கிறவர்களுக்கு அங்கே கதிரை இல்லை. "இது உங்களுக்கில்லை அக்கா, உங்கடை மனுசன் மயங்கிறதுக்கு" என்று சொல்லியே ஒன்று வாங்க வந்தவளிடம் மூன்று விற்றுவிடுவாள். ஆனால் அவளது பிரெஞ்சு விலை சொல்லும் அளவுதான். அதனால் டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்க நான் கூடப் போனேன்.

முதல் கரு கலைந்த பிறகு எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது. டொக்டர் ஒரு தாளில் இதயம் வரைந்து காட்டினார். கர்ப்பப்பையின் மேற்பகுதி ஒன்றாகச் சேராமல் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. பிறவியிலேயே அப்படி, யாருடைய பிழையும் இல்லை. பிள்ளைக்கு இடம் குறைவு. கலையலாம், முந்திப் பிறக்கலாம், அரிதாகக் கர்ப்பப்பை கிழியவும் கூடும். ஆனாலும் பலர் நல்லபடியாகப் பெறுகிறார்கள். வலி வந்தால் மட்டும் ஒரு மணி நேரமும் பொறுக்கக் கூடாது என்றார். அதற்குப் பிரெஞ்சில் பிகோர்ன் என்று பெயர்.

அன்று பின்னேரம் அவர்களது லெ பிளாங்-மெனில் வீட்டில் தயாளினியின் மாமியார் கோசலை கேட்டார்: "என்னவாம் பிள்ளை டொக்டர்?"

இதயம் போல என்று சொல்லியிருக்கலாம். படித்தவள் நான், சொல்லுக்குச் சொல் பெயர்த்தேன். "கர்ப்பப்பைக்கு ரெண்டு கொம்பாம், மாமி."

"அதுதானே பாத்தன்! வந்த நாள் தொட்டு இவளுக்குக் கொம்பு முளைச்சிருக்கெண்டு எனக்குத் தெரியும்."

எல்லோரும் சிரித்தோம். தயாளினியும் சிரித்தாள்.

அந்தச் சொல் வீட்டில் தங்கிவிட்டது. சோறு போதும் என்றால் கொம்பு. களைப்பாக இருக்கிறது என்றால் கொம்பு. இரண்டாவது தரம் கருத்தரித்து, மூன்றாம் மாதத்தில் இரண்டு முறை அடிவயிறு நொந்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். இரண்டு முறையும் ஒன்றுமில்லை. "கொம்புக்காரிக்குத் தும்மினாலும் ஆஸ்பத்திரி," என்றார் கோசலை. அதன் பிறகு வலியைப் பற்றி அவள் எனக்கும் சொல்லவில்லை.

அவள் இறந்த அன்று கடையில் நடந்ததைச் செத்த வீட்டில் தவரத்தினம் அண்ணை சொன்னார். பதினொரு மணிக்கே மேசையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறாள். "ஆஸ்பத்திரிக்குப் போ பிள்ளை எண்டனான். 'வேண்டாம் அண்ணை, திருப்பியும் ஒண்டுமில்லையெண்டு வந்தால் வீட்டிலை பகிடி பண்ணுவினம்' எண்டாள்." இரண்டு மணிக்கு விழுந்தாள். அம்புலன்ஸ் வந்தபோது வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்துவிட்டது. கிழிந்திருந்தது.

கோசலை என் கையைப் பிடித்து அழுதார். "இப்பிடி ஆகுமெண்டு டொக்டர் ஒரு வார்த்தை சொல்லேல்லையே, பிள்ளை?"

"சொன்னவ," என்றேன். "நான்தான் கொம்பெண்டு சொன்னனான்."

அவர் கையை விட்டுவிட்டார்.

மரணப் பதிவுக்குத் தாள்கள் தேடி அவளது கைப்பையைத் திறந்தேன். உள்ளே, வேலைக்குப் போகாமல் ஓய்வெடுக்கச் சொல்லி டொக்டர் எழுதிக் கொடுத்த மருத்துவ விடுப்புத் தாள் கடையில் கொடுக்கப்படாமல் இருந்தது. திகதி, அவள் இறப்பதற்குப் பதினொரு நாள் முந்தியது. என்னைக் கூப்பிடாமல் தனியாகப் போயிருக்கிறாள். அவள் நிரப்ப வேண்டிய பகுதியில் பெயரும் விலாசமும் தெளிவாக இருந்தன. முதலாளியின் பெயருக்கான கட்டத்தில் நாலு எழுத்து எழுதி நிறுத்தியிருந்தாள்.