கவுன்சிலர் வீட்டு மாடியில் பத்தொன்பது புடவைகள்

ஒரு வருடத்துக்கும் மேலாக நான் என்னைக் கவுன்சிலர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வேட்புமனு போட்டது, வீடு வீடாகக் கும்பிட்டது, ஜெயித்தது, உறுதிமொழி எடுத்தது எல்லாம் என் மனைவி. எங்களுடையது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு. அந்தத் தேர்தலில் நான் செய்த ஒரே வேலை, பிரசாரக் கூட்டத்துக்கு நூறு பிளாஸ்டிக் நாற்காலி அனுப்பியதுதான். அதுவும் அவளை எதிர்த்து நின்றவரின் கூட்டத்துக்கு. வாடகை நல்ல வாடகை.

கோவளத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆர். ஓரத்தில் எங்கள் பேரூராட்சி. எனக்குப் பந்தல் சாமான் வாடகைக் கடை. நாற்காலியிலேயே பிழைப்பு நடத்துகிறவனுக்கு எந்த நாற்காலியைப் பார்த்தாலும் சொந்தம் மாதிரிதான் தோன்றும். மன்றத்தில் மனைவியின் நாற்காலியும் அப்படித்தான் தோன்றியது. முதல் கூட்டத்துக்கு அவளைப் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். இரண்டாவது கூட்டத்தன்று அவளுக்கு முகூர்த்த ஜாக்கெட்டுகள் தைக்கும் அவசரம். "நான் போய்ட்டு வரேன்" என்று கிளம்பினேன். அப்புறம் திரும்பி வரவேயில்லை, அதாவது அந்த நாற்காலியிலிருந்து. யாரும் தடுக்கவில்லை. பக்கத்து வார்டிலும் ஜெயித்தவர் வீட்டில் இருந்தார், கணவர் கூட்டத்தில் இருந்தார்.

கூட்டத்துக்குக் கூட்டம் பேருந்து நிறுத்தத்துக் கால்வாயைப் பற்றி முழங்கினேன். கால்வாய் அசையவில்லை. நாற்றம் மட்டும் அசைந்து அசைந்து என் கடைவரை வந்தது. ஆனால் போலீஸ் நிலையத்துக்குப் போன் போட்டு, "கவுன்சிலர் பேசறேன்" என்றால் ஒரு கான்ஸ்டபிள் வருவார். சனி ஞாயிறுகளில் மாமல்லபுரம் போகிறவர்கள் டீ குடிக்க என் கடை வாசலில் நிறுத்தும் கார்களை விரட்டுவார். என் மினி வேன் கம்பீரமாக வந்து நிற்கும். நாடே என் கையில் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்போதுதான் புது விதிகள் வந்தன. பெண் உறுப்பினருக்குப் பதில் கணவரோ அண்ணனோ உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் நடவடிக்கை உறுப்பினர் மேல்தான் என்று ஈ.ஓ., அதாவது செயல் அலுவலர், வாசித்தார். உட்கார்ந்திருந்த கணவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடினோம். அடுத்த சனிக்கிழமை போலீசுக்குப் போன் போட்டேன். அதே கான்ஸ்டபிள்தான் எடுத்தார்.

"சார், இனிமே இந்த மாரி வாயால சொன்னா நாங்க வர முடியாது. ஈ.ஓ. கையெழுத்துப் போட்டு லெட்டரு குடுக்கணும்."

"கவுன்சிலர் சொல்றேன்பா!"

"அவுங்களே சொன்னாலும் லெட்டருதான் சார். நீங்க சொன்னா லெட்டரும் கெடையாது."

அதன் பிறகு மனைவி உள்ளே, நான் ஜன்னலுக்கு வெளியே. ஆனாலும் பேச்சை நான்தான் எழுதிக் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அந்தச் சமயத்தில் வீட்டு வரிப் பேச்சு சூடாக இருந்தது. அவரவர் வீட்டை அவரவரே அளந்து படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று ஆகியிருந்தது. பக்கத்து வார்டுக் கணவர் தன் இரண்டாவது மாடியைத் தண்ணீர்த் தொட்டி என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். கை துடித்தது. எழுதினேன்: "மாடியை மறைப்பவர்கள் மக்களை ஏய்ப்பவர்கள்! அதிகாரிகள் வீடு வீடாக அளக்கட்டும்! முதலில் உறுப்பினர்களின் வீடுகளை அளக்கட்டும்!"

மனைவி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மொதல்ல மெம்பருங்க வூடுன்னா, நம்ம வூடும்தான?"

"அது சும்மா பொதுவா சொல்றதுமா. அழுத்திப் படி."

அழுத்திப் படித்தாள். உள்ளே மேசையைத் தட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே நான் தனியாகக் கைதட்டினேன். தீர்மானம் நிறைவேறியது. வெளியே வந்த அலுவலக எழுத்தர் என் தோளைத் தட்டி, "ஷோக்கா எழுதுன அண்ணாத்த. வெள்ளிக்கெழம ஒங்க வூட்லேந்துதான் ஆரம்பம். மெம்பரு பொய்யா எழுதிக் குடுத்துகீறாருன்னு தெரிஞ்சா, இப்ப இருக்கிற ரூலுக்குப் பதவியே பூடும்" என்றார்.

என் கை பாதி தட்டலில் நின்றது. வீடு மனைவி பெயரில். மாடியில் இரண்டு அறைகள். அலையில் பலகைச் சவாரி செய்ய வரும் சென்னைக்காரர்களுக்கு அவற்றை வாடகைக்கு விடுகிறோம். படிவத்தை நிரப்பியவன் நான். 'மாடி' என்ற இடத்தில் 'துணி காயப்போடும் இடம்' என்று எழுதி, வழக்கம்போல அவள் கையெழுத்தையும் நானே போட்டிருந்தேன். பேச்சு எழுதும்போது அது நினைவுக்கே வரவில்லை. மற்றவர் மாடி கண்ணில் நிற்கும்போது சொந்த மாடி எங்கே தெரிகிறது?

அவள் பதவி போய்விட்டால்? அவள் உள்ளே போய் உட்கார்ந்த இரண்டாவது கூட்டத்திலேயே கால்வாய் பற்றி முடிவாகி, ஆட்கள் வந்து சேற்றை அள்ளித் தூர்வாரிவிட்டுப் போயிருந்தார்கள். தெருப் பெண்கள் அவளைத் தேடி வீட்டுக்கே வர ஆரம்பித்திருந்தார்கள். என்னால் அது போகக் கூடாது. அவளிடம் சொல்லவும் தைரியம் இல்லை. ஆகவே, எழுதியதை உண்மையாக்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கடையிலிருந்து பந்தல் கயிறு கொண்டுவந்து இரண்டு அறைகளிலும் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். எங்கள் துணி ஒரு கயிற்றுக்கே போதவில்லை. அக்கம்பக்கத்தில் போய், "தண்ணி வண்டி வரப்போவுது, தொவைக்கறதுக்கு எதுனா கீதா?" என்று கேட்டுப் பத்தொன்பது புடவைகள் வாங்கி வந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கவுன்சிலர் வீடு ஏதோ புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது என்று நினைத்தார்கள் போல. ஒருத்தர் கூடவே சோப்பும் கொடுத்தார்.

பத்து மணிக்குப் பில் கலெக்டர் அளவு நாடாவுடன் வந்தார். அளக்க விடாமல் யாராவது தகராறு செய்தால் என்று துணைக்கு ஒரு போலீஸ். அதே கான்ஸ்டபிள்.

"மாடில ரூமுங்க கீதா?" என்றார் பில் கலெக்டர், கையிலிருந்த படிவத்தை இன்னும் பிரிக்காமலே.

"ரூமெல்லாம் இல்ல சார். துணி காயப்போடற எடம்."

கான்ஸ்டபிள் புடவைகளை ஒதுக்கி ஒதுக்கி உள்ளே போனார். "வூட்ல எத்தினி பேரு சார்?"

"ரெண்டு பேரு."

அவர் விரல் விட்டு எண்ணினார். "ரெண்டு பேருக்குப் பத்தொம்பது பொடவையா? இதுல ஒங்களுது எது?"

மூலையில் மனைவியின் பழைய போர்வையால் மூடியிருந்த அலைச் சவாரிப் பலகையைத் தட்டினார். "இது இன்னாது?"

"இஸ்திரி போடற பலக."

"மீனு மாரி வாலு கீதே."

"பெரிய பொடவைக்கு."

அந்த நேரம் பார்த்துக் குளியலறைக் கதவு திறந்தது. முதல் நாளே வந்து தங்கியிருந்த நரைத்த தலை ஐ.டி. கம்பெனிக்காரர் இடுப்பில் துண்டுடன், முகம் முழுக்க சோப்பு நுரையுடன் வெளியே வந்தார். நான் கயிறு கட்டும்போது அவர் கடற்கரைக்கு நடக்கப் போயிருந்தார்; அவரைச் சுத்தமாக மறந்திருந்தேன். கண்ணைத் திறக்க முடியாமல் கையை நீட்டித் துழாவி, பக்கத்து வீட்டு மாமியின் புடவையை எடுத்து முகம் துடைத்துக்கொண்டே, "ஓனர், தண்ணி நின்னு போச்சு. ரெண்டு நாள் வாடகைல கொறச்சிக்குவீங்களா?" என்றார்.

வேறு வழி தெரியாமல் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஒங்க இன்ஸ்பெக்டருக்குப் போன் போடுப்பா. கவுன்சிலர் பேசணும்னு சொல்லு."

"கவுன்சிலரு கீழ ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துகினுகீறாங்க சார்" என்றார் கான்ஸ்டபிள்.

கவுன்சிலர் மேலே வந்தாள். கழுத்தில் தையல் டேப், கையில் ஒரு ரசீது.

"சார், நான் குடுத்த அளவு சரியா கீதான்னு பாத்துக்குங்க. இந்தச் செவுத்துல மட்டும் டேப்பு எட்டல, ரெண்டு தபா வச்சி அளந்தேன்."

நான் அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்த மறுநாளே, கூட்டத்துக்கு முன்பே, அவள் அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். பழைய படிவம் தப்பு என்று எழுதிக் கொடுத்து, இரண்டு அறைகளையும் ஜாக்கெட் அளக்கிற டேப்பால் அளந்து புதுப் படிவம் போட்டு, வரியையும் கட்டிவிட்டாள். அதிகாரிகள் அளக்க வருவதற்கு முன்னால் தானாகத் திருத்தினால் தப்பில்லையாம். பில் கலெக்டர் அளந்து பார்த்தார். அவள் அளவு சரியாக இருந்தது. கையெழுத்தும் இந்த முறை அவளுடையது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ பேச்ச மாத்தி எழுதியிருப்ப. நல்ல பேச்சு அது. மொத தபா உருப்படியா எழுதியிருந்த."

பத்தொன்பதில் பதினேழு புடவைகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்தேன். ஒன்றைத் திரும்பத் துவைக்க வேண்டியிருந்தது. இன்னொன்று யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை. முடித்துவிட்டு டீக்கடைக்குப் போனேன். கால்வாய் ஓரமாகவே பெஞ்சைப் போட்டிருந்தார்கள். இப்போதெல்லாம் அங்கே மூக்கைப் பிடிக்காமல் உட்கார முடிகிறது. கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார். நகர்ந்து இடம் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் முறையாக என்னை சார் என்று கூப்பிடவில்லை.

"அண்ணாத்த, தப்பா எடுத்துக்காத" என்றார். "இம்மா நாளா இந்தக் கால்வா ஏன் நாறிச்சின்னு எனக்கு இப்பதான் புரிஞ்சிது. நீ கவுன்சிலரா இருந்துகீற."