தொம்மலூர்க் கிணற்றின் அளவுகள்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்தில் வேலை பார்த்தேன். விஞ்ஞானிகள் ஓய்வு பெறும்போது, ஆயுள் முழுக்கச் சேர்த்த அவர்களுடைய அளவீடுகள் பழைய கம்ப்யூட்டரோடு ஏலத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. புத்தகங்களைக் காப்பதுபோல் அவற்றையும் நூலகமே காக்கலாமே என்று எனக்கும் என் தோழிக்கும் தோன்றியது.

நாங்கள் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இருவருக்கும் வீடு மல்லேஸ்வரத்தில். அவளுடைய பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் துணை இருந்தது நான்தான். பழைய பத்திரிகைகள் அடைந்து கிடந்த அறையைக் காலி செய்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு கம்ப்யூட்டர் வாங்கினோம். கம்ப்யூட்டர் வேலை அவளுக்கு. ஆட்களிடம் பேசி டேட்டா வாங்கி வருவது எனக்கு.

யாரும் லேசில் தரவில்லை. நிலத்தடி நீரை ஆராய்ந்து ஓய்வு பெற்றிருந்த ஓர் அம்மாவைத் தேடி ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் நடந்தேன். சர்ச்சிலிருந்து வந்ததும் டீ கொடுப்பார், பேசுவார், டேட்டாவை மட்டும் தர மாட்டார். மொபெட்டில் ஊரெல்லாம் சுற்றி, கிணறு கிணறாக அளவு நாடா விட்டு அவரே எடுத்த அளவுகள் அவை. ஓய்வு பெற்ற பிறகு ஆற அமர எழுத வேண்டும் என்று வைத்திருந்தார்.

கடைசியில் ஒருநாள், "உங்களுக்காகக் குடுக்கிறேன். நான் எழுதி முடிக்கிற வரைக்கும் என்னைக் கேக்காம யாருக்கும் தரக் கூடாது" என்றார். வாக்குக் கொடுத்தேன். தோழியிடம் சொன்னபோது, "அது என் பொறுப்பு, நீ கவலைப்படாதே" என்றாள்.

பிறகு அந்த அம்மா நூலகத்துக்கே வந்து, ஒவ்வொரு கிணற்றைப் பற்றியும் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். தொம்மலூர்க் கிணறு ஒன்றில் கோடையில் திடீரென்று தண்ணீர் ஏறியிருந்தது. "மழையில்ல. பக்கத்து ஆபீஸ் தொட்டி வழியற தண்ணிய குழாய் போட்டு இதுல விட்டுட்டாங்க. இதை எழுதி வைக்கலைன்னா பின்னால வர்றவங்க ஏமாந்துடுவாங்க" என்றார். குறிப்புகளைத் தனிக் கோப்பாக, அவர் பெயரை மேலே போட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் எங்கள் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் பதவி வந்தது. நானும் தோழியும் விண்ணப்பித்தோம். அந்தச் சமயத்தில்தான் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கு நடந்தது. அந்த அம்மாவை நான்தான் அழைத்திருந்தேன். மேடையில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் ஒரு வரைபடத்தைக் காட்டி, தொம்மலூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் தானாகவே உயர்ந்து வருகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இது என் கிணறு" என்றார் மெதுவாக.

வெளியே வந்ததும், "எனக்குத் தெரியாது மேடம்" என்றேன்.

"உங்க கையிலதானே குடுத்தேன்?"

அவர் போய்விட்டார்.

தோழி எங்கள் அறையில் இருந்தாள். கேட்டேன். மறைக்கவில்லை. "அந்தப் புரொபசர் இந்தப் போஸ்டுக்கான செலக்‌ஷன் கமிட்டியில இருக்கார். கேட்டார், குடுத்தேன். பூட்டி வைக்கவா இவ்வளவு பாடுபட்டோம்?"

"குறிப்பு எங்க போச்சு? அதைப் படிச்சிருந்தா அவர் இப்படிப் பேசியிருக்க மாட்டாரே."

"அதுல அந்தம்மா பேர் இருக்கே. அதை எப்படிக் குடுக்கிறது?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா நீ விட்டிருப்பியா? ஹோகலி பிடு, போனாப் போகுது விடு, இதைப் பெரிசு பண்ணாதே" என்று கன்னடத்தில் தள்ளிவிட்டு, மானிட்டரின் தூசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

என்னிடம் சொல்லலாமா என்று அவள் யோசித்திருக்கிறாள். யோசித்துத்தான் வேண்டாமென்று முடிவு செய்திருக்கிறாள். எனக்கு அதுதான் ஆறவில்லை.

இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். பேராசிரியர் தன் கட்டுரையிலிருந்து தொம்மலூர்ப் பகுதியை நீக்கினார். மற்றக் கிணறுகள் அப்படியே இருந்தன. கட்டுரையின் அடியில் எங்கள் நூலகத்துக்கு நன்றி இருந்தது, அந்த அம்மாவின் பெயர் இல்லை. பதவி தோழிக்குக் கிடைத்தது.

அந்த அம்மா டேட்டாவைத் திரும்பக் கேட்டார். அவர் கண்முன்னாலேயே கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிட்டு, டேட்டா இருந்த பிளாப்பிகளை அவர் பையில் வைத்தேன். "நீங்க செய்யலைன்னு தெரியும். ஆனா இனிமே உங்ககிட்டயும் குடுக்க மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை.

நானே கேட்டு, பத்திரிகைப் பிரிவுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். தோழியின் பிரிவு நன்றாகவே வளர்ந்தது. வேறு ஊர்களிலிருந்து நூலகர்கள் பார்க்க வந்தார்கள். அப்படி வந்தவர்களிடம் ஒருநாள், "ஆரம்பத்துல நான் ஒருத்திதான், யாரும் கூட வரல" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்ததை அலமாரிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள். "வா, உக்காரு" என்றாள். கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.