பின்பெட்டி சூடு ஆறும்வரை

கியர் ஆயில் நாற்றம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. இன்ஜின் ஆயில் வேறு, அது எந்த மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனாலும் அடிக்கும். நான் சொல்வது காரின் பின்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கிற இரும்புப் பெட்டிக்குள் ஊற்றுகிற கெட்டி ஆயில். கந்தகமும் கெட்டுப்போன முட்டையும் சேர்ந்தமாதிரி குப்பென்று வரும். சட்டையில் பட்டால் மூன்று வெளுப்புக்கும் போகாது. போன வாரம் செஞ்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் தம்பி மகனுடைய ஜீப்புக்கு டிஃபரன்ஷியலைப் பிரித்துப் புதுப் பல்சக்கரங்கள் மாட்டி இந்த ஆயிலை ஊற்றினார்கள். எனக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, சும்மா துணைக்குப் போனவன். ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். அந்த நாற்றம் மூக்கில் ஏறியது, பாதி டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அங்கே ஒரு வாக்குவாதம் வேறு. முதல் ஐந்நூறு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுங்கள், சுமை ஏற்றாதீர்கள் என்று மெக்கானிக் சொன்னார். தம்பி மகன் செல்போனைத் தடவிப் பார்த்து, அதெல்லாம் புது இன்ஜினுக்குத்தான், பின்பெட்டிக்கு வேண்டாம் என்று எவனோ எழுதியிருப்பதாகச் சொன்னான். கொஞ்ச நேரம் இழுபறி. கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

"பெரிப்பா, நீ பழைய டிரைவராச்சே. நீயே சொல்லு. வேணுமா, வேணாமா?"

கட்டாயம் வேணும் என்றேன். ஏன் என்றான். புதுப் பல்லு ரெண்டும் ஒன்றுக்கொன்று பழகவேண்டாமா என்றேன். அதற்கு மேல் அவனிடம் என்னத்தைச் சொல்வது? மீதியை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

அறுபதுகளின் நடுவில் நான் மல்லாட்டை மண்டி வைத்திருந்த ஒரு ஜைனரிடம் கார் ஓட்டினேன். மல்லாட்டை என்றால் நிலக்கடலை. எங்கள் பக்கத்தில் நிலக்கடலை என்று சொன்னால் சென்னைக்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள். முதலாளியை ஊரே நைனார் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். கார் கறுப்பு, பெரிசு, எனக்கு முன்னாலேயே பிறந்தது என்று சொல்லலாம். கல்யாணம், சாவு, மண்டிச் சாக்கு எல்லாம் அதில்தான் போகும். ஒருநாள் உள்ளே ஏழு பேர், டிக்கியில் நாலு மூட்டை மல்லாட்டை. ஒரு மேட்டில் ஏறும்போது பின்னால் கடகடவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை.

பின்பெட்டிக்குள் இருக்கிற பெரிய பல்சக்கரமும் சின்னதும், அதாவது கிரவுன் வீலும் பினியனும், மெட்ராஸிலிருந்து புதுசாக லாரியில் வந்தன. மாட்டியவர் காதர் பாய். நான் வண்டியை எடுக்கப் போனபோது சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கட்டளை போட்டார்.

"ஐந்நூறு மைலுக்கு இருபத்தஞ்சத் தாண்டாத. டிரைவர விட்டா ஒரு ஆளு, அதுக்கு மேல ஏத்தாத. பாதி வழியில நிறுத்து. பெட்டி மேல கைய வச்சிப் பத்து எண்ணு. பத்து வரைக்கும் கை தாங்குச்சின்னா எடு. தாங்கலன்னா உக்காரு."

பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் என்னைப் போட்டுக் கிண்டல் செய்தார்கள். புது இன்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்குகிற ரன்னிங் இன் கேள்விப்பட்டிருக்கிறோம், பின்பக்கத்துக்குமா என்று. அன்றைக்கும் இதே சண்டைதான். செல்போன் ஒன்றுதான் இல்லை.

நைனாருக்கு வேறு கவலை. மூட்டையும் ஏற்றாமல், கல்யாணத்துக்கும் விடாமல், ஐந்நூறு மைலை எங்கே போய் ஓட்டுவது? அவருடைய அண்ணன் மகள் அவலூர்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்பா இல்லாத பெண், சித்தப்பா வீட்டில்தான் இருந்தார். தினம் பஸ்ஸில் நசுங்கிப் போய் வருவார். அந்த ஒரு ஆள் அவராகவே இருக்கட்டும் என்று நைனார் முடிவு செய்தார். போக பதினைந்து மைல், வர பதினைந்து. பள்ளிக்கூடம் விடும்வரை கார் அவலூர்பேட்டையிலேயே நிற்கும். பதினேழு நாளில் ஐந்நூறு முடிந்துவிடும்.

டீச்சர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அந்த நாளிலும் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டீச்சர் என்றே இருக்கட்டும்.

வயசுப் பெண்ணை ஒரு வயசுப் பையனோடு எப்படி அனுப்பினார்கள் என்று கேட்பீர்கள். டிரைவரை அப்போது ஆம்பளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஸ்டியரிங், ஹாரன், டிரைவர் எல்லாம் காரோடு சேர்ந்தது. ஆனாலும் பெயருக்கு நைனாருடைய சம்சாரம் முதல் இரண்டு நாள் துணைக்கு வந்தார். அவர் நல்ல தாராளமான சரீரம். பெட்டி கொதித்துவிட்டது. பாய் வந்து தொட்டுப் பார்த்து, யாரை ஏத்தின என்று கேட்டார். சொன்னேன். நைனாரிடம் அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார் என்று தெரியாது, மூன்றாம் நாளிலிருந்து அந்த அம்மா வரவில்லை. நடுரோட்டில் அரைமணி நேரம் சும்மா உட்கார அவருக்கும் பொறுமை இல்லை.

நிறுத்துகிற இடம் ஏழாவது மைல்கல்லை ஒட்டிய ஒரு ஏரிக்கரை. நான் கோணிப்பையை விரித்துப் படுத்து, வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பெட்டியைத் தொடுவேன். டீச்சர் மதகுக் கல்லில் உட்கார்ந்திருப்பார். முதல்நாள் நானே எண்ணினேன். நாலாவதைத் தவறவிட்டு மூன்றிலிருந்து ஐந்துக்குப் போய்விட்டேன் போலிருக்கிறது. கணக்கு டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அவர் எண்ண ஆரம்பித்தார். ஒண்ணு, ரெண்டு, மூணு என்று வகுப்பில் எண்ணுவதைப்போல நிறுத்தி நிறுத்தி எண்ணுவார். ஏழில் நான் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வேன். இன்னும் ஆறலீங்க டீச்சர் என்பேன். அரைமணி கழித்துக் கிளம்பும்போது அவரை எண்ண வைக்காமல் நானே தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

முதல் வாரம் நிஜமாகவே சுட்டது. அப்புறம் சுடவில்லை. கை அதுபாட்டுக்கு ஏழில் வந்துவிட்டது.

சாயங்காலம் இன்னொரு விஷயம் இருந்தது. ஜைனர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடமாட்டார்கள். செஞ்சிக்கு மேற்கே கோட்டை மலை நிற்பதால் ஊரில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடும். அது கார்த்திகை, மார்கழி வேறு. நாங்கள் ஊர்ந்து ஊர்ந்து ஊர் சேர்வதற்குள் நேரமாகிவிடும் என்று, ராச்சாப்பாட்டை இரண்டடுக்கு டப்பாவில் கட்டிக் கொடுத்தார்கள். மதகுக் கல்லில் வைத்துத்தான் டீச்சர் சாப்பிடுவார். இங்கே மலை மறைக்காததால் கால்மணி நேரம் பொழுது கூடக் கிடைக்கிறது என்று சந்தோஷப்படுவார். வெங்காயம் பூண்டு இல்லாத குழம்புச் சோறு. டப்பா மூடியில் எனக்கும் ஒரு பங்கு வைப்பார். "இந்தாங்க" என்பார். கவனியுங்கள், வெறும் இந்தாங்க. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத ஆம்பளையைக்கூடப் பொம்பளைகள் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்கள். இவர் கடைசிவரைக்கும் ஒரு தடவைகூட என்னை அப்படிக் கூப்பிடவில்லை. அதைக் கவனிக்கிற அளவுக்கு எனக்கு மூளை இருந்தது. அதை வைத்து என்ன செய்வது என்கிற மூளைதான் இல்லை.

நாங்கள் என்ன பேசினோம்? பெரிதாக ஒன்றுமில்லை. ஆறாம் வகுப்பில் வாய்ப்பாடு வராத பையன்கள், சிங்கவரத்தில் எங்கள் வீட்டு எருமை, ஏரியில் தண்ணீர் எத்தனை படி இறங்கியிருக்கிறது. ஒருநாள் அந்தப் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று கேட்டார். பெரிய சக்கரம் ஒன்று, சின்னது ஒன்று, ரெண்டும் பல்லோடு பல் உரசித் தேய்ந்து பழகினால்தான் அப்புறம் சத்தம் வராது என்று மண்ணில் குச்சியால் கோடு போட்டுக் காட்டினேன். எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி பேசியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, டீச்சர் ஏரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"வந்தவாசியில ஒரு எடம் பாத்திருக்காங்க. பரிசம் போட நாள் குறிக்கணும்னு சித்தப்பா சொல்றாரு."

வந்தவாசியில் கோரைப்பாய் நன்றாக இருக்கும் என்றேன். என்னை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

ஆசை இல்லாமல் இல்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அந்த ஏரிக்கரைக்காகத்தான் நான் காலையில் கண் விழித்தேன். ஆனால் அவர்கள் ஜைனர்கள், நாங்கள் சிங்கவரத்தில் ஏர் பிடிக்கிறவர்கள். அந்தக் காரின் முன் சீட்டுக்கும் பின் சீட்டுக்கும் நடுவில் அவ்வளவு தூரம் இருந்தது. வாய் திறந்தால் வேலை போகும், அதுகூடப் பரவாயில்லை, டீச்சர் முகம் எப்படி மாறுமோ என்றுதான் பயந்தேன். இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் தைரியம் வந்துவிடும் என்று நினைத்தேன். வண்டியின் மீட்டரோ நானூற்று ஐம்பதைத் தொட்டுவிட்டது.

பதினாறாம் நாள் காலையில் நான் ஒரு காரியம் செய்தேன். மீட்டருக்குப் போகிற கேபிளைக் கழற்றிவிட்டேன். வேக முள்ளும் செத்துப்போகும் என்று தெரியும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது எங்கே தெரியப்போகிறது என்று ஒரு தைரியம். ஊருக்குள் வரும்போது மட்டும் மாட்டிக்கொள்வேன், மைல் எண் எறும்பு மாதிரி நகரும். நைனார் கார் ஓட்டத் தெரியாதவர், எண்ணை மட்டும்தான் எட்டிப் பார்ப்பார். என்னாப்பா இன்னும் ஆவலியா என்று கேட்பார். புதுச் சாமானுங்க, பாய் ரொம்ப ஜாக்கிரதையா ஓட்டச் சொல்லியிருக்கார் என்று பாய் தலையில் போடுவேன். இப்படிப் பன்னிரண்டு நாள் திருடினேன். பன்னிரண்டு நாளும் ஏரிக்கரையில் படுத்து, சில்லென்று கிடக்கிற இரும்பில் கை வைத்து, ஏழில் இழுத்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. எறும்பு மாதிரி நகர்ந்தும் மீட்டர் ஐந்நூறைத் தொட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவாசிக்காரர்கள் பரிசம் போட வருவதாக இருந்தது. அன்றைக்கும் படுத்தேன், கையை விட்டேன். டீச்சர் எண்ணினார். ஏழு வந்தது. என்னமோ தெரியவில்லை, அன்று கையை எடுக்க மனசு வரவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. வெளியே வந்து பார்த்தால் டீச்சர் மதகுக் கல்லில் அப்படியே உட்கார்ந்திருக்கிறார். மடியில் டப்பா, திறக்கவில்லை.

"இன்னையோட எண்ணூத்தி நாப்பது மைல் ஆவுது" என்றார். "இருபத்தெட்டு நாள், நாளுக்கு முப்பது. நான் கணக்கு டீச்சர்ங்க."

நான் கோணிப்பையை உதறி மடிக்க ஆரம்பித்தேன்.

"ஐந்நூறு போதும்னுதானே பாய் சொன்னாரு. அதுக்கு மேல ஏன் ஓட்டறீங்க? கேக்கறேன் இல்ல, சொல்லுங்க."

கோபமாகக் கேட்கவில்லை. பதில் வராத பையனிடம், உனக்குத் தெரியும் சொல்லு என்பதைப்போலக் கேட்டார். இதைவிட ஒரு பெண் எப்படிக் கேட்பார்? நான் வேட்டியில் கையைத் துடைத்தேன். ஒரு தடவை துடைத்தேன், இன்னொரு தடவை துடைத்தேன்.

"ஆயில் மாத்தணும் டீச்சர்" என்றேன். "நாளைக்கி மாத்திடறேன்."

சூரியன் ஏரிக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கூடக் கிடைக்கிற கால்மணி நேரத்தையும் டீச்சர் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து கழித்தார். முழுசாக இறங்கிய பிறகு எழுந்து, போலாமா என்றார்.

வீட்டு வாசலில் கூடையை நான்தான் எடுத்துக் கொடுப்பது வழக்கம். மற்ற நாளில் டப்பா காலியாகக் கலகலவென்று ஆடும். அன்று கனத்தது. நைனாருடைய சம்சாரம் உள்ளேயிருந்து சாப்டியாம்மா என்று கேட்டார். ஆச்சு சின்னம்மா என்று பதில் வந்தது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குரல். அன்று ராத்திரி அவர் பட்டினி. நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்து பொழுதை விட்டுவிட்டார் என்பது, சைக்கிளில் சிங்கவரம் போய்ச் சேர்வதற்குள் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன செய்ய, திரும்பிப் போய்க் கதவைத் தட்டினேனா?

மறுநாள் பாய் ஆயிலை வடித்தார். அடியில் மினுமினுவென்று இரும்புத் தூள். விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தவர், இது ஐந்நூறு மைல் ஆயில் மாதிரி இல்லையே என்றார். நான் மண்ணைப் பார்த்தேன். பல் ரெண்டும் அருமையாகப் படிந்துவிட்டது, இனி இந்தப் பெட்டி உன் ஆயுசுக்கும் சத்தம் போடாது என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது சரிதான். தை மாதம் அதே காரில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வந்தவாசிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்கப் பின்னால் ஒரு சத்தம் இல்லை. இறங்கும்போது டீச்சர் என்னைப் பார்த்து, "வரேங்க" என்றார். அப்போதும் அண்ணே இல்லை.

என் வீட்டுக்காரிக்கு இதெல்லாம் தெரியும். கல்யாணமான புதிதில் நானே உளறிவிட்டேன். ஏதாவது முக்கியமான விஷயத்தில் நான் மென்று விழுங்கினால், ஆயில் மாத்தற ஆளாச்சே நீ என்று இன்றைக்கும் குத்திக் காட்டுவாள்.

ஒர்க்‌ஷாப்பிலிருந்து தம்பி மகன் வண்டியை அவலூர்பேட்டைப் பக்கம் விட்டான். எனக்காக மெதுவாகத்தான் ஓட்டினான் பாவம், பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான். ஏரிக்கரை என்று நினைத்த இடத்தில் நிறுத்தச் சொன்னேன். ரோட்டை அகலப்படுத்தியதில் ஏழாவது மைல்கல் எப்போதோ போய்விட்டிருக்கிறது. ஏரியில் பாதி மனையாகிவிட்டது. மதகுக் கல் இருந்த இடத்தில் குழாய் பதித்து சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். பெட்டியைத் தொட்டுப் பாருடா என்றேன். குனிந்து ஒரு தட்டு தட்டிவிட்டு, "சுடல பெரிப்பா, போலாம் வா" என்றான். எண்ணவில்லை. எண்ணவேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னார்கள்?

சூரியன் இன்னும் இறங்கவில்லை, கொஞ்சம் பொழுது மிச்சம் இருந்தது. நான் ஜீப்புக்குப் பின்னால் கஷ்டப்பட்டுக் குந்தி, இரும்பில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே எண்ணிப் பார்த்தேன். ஏழு வரைக்கும்தான் அவர் குரல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டு, ஒன்பது, பத்தை ஒரே ஒரு நாள்தான் கேட்டேன்.