தலை அலசிய கைகள்

தன் கடைக்கு முக அலங்காரத்துக்கு வருகிற யாரையும் கஸ்தூரி ஒரு பாடம் எடுக்காமல் அனுப்பியதில்லை. தெப்ராவில் ஒரு மளிகைக் கடைக்கு மேல்மாடியில், பதினான்கு வருடமாக அழகு நிலையம் நடத்துகிறாள்.

"சுடுதண்ணில மூஞ்சி கழுவாதீங்க. துண்டால தேய்க்காம ஒத்தி எடுங்க. ஈரம் காயறதுக்குள்ள கிரீம் போட்டுறணும். காஞ்சப்புறம் போட்டா அது சும்மா மேலேயே உக்காந்திருக்கும். மழ பேஞ்சாலும் சன்பிளாக் போடுங்கலா, கழுத்துக்கும் சேத்து."

அவள் இதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டடி தள்ளி, தலை அலசும் தொட்டியருகே வினிஃப்ரெட் நின்றுகொண்டிருப்பாள். சாஆ என்ற சிற்றூரிலிருந்து வந்து இங்கே அறை எடுத்துத் தங்கியவள். வயது முப்பத்து நான்கு. நாளுக்கு இருபது தலை அலசுவாள். முடிச்சாயம் கழுவுவதும் துண்டு துவைப்பதும் அவள்தான்.

வந்த புதிதில் கையுறை மாட்டிக்கொண்டவளைத் தடுத்தது கஸ்தூரி.

"கிளவுஸ்ல முடி சிக்கும், வினி. கை படற சொகத்துக்குத்தானே தல கழுவ வர்றாங்க?"

"அப்ப கிரீமாவது போட்டுக்கவாக்கா?"

"அலமாக், முடியெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்! பழகிரும், விடு. எனக்கும் மொதல்ல உரிஞ்சிச்சு."

பழகவில்லை. விரலிடுக்கில் வெள்ளையாக உரிந்தது, பிறகு சிவந்தது, விரல் முட்டிகளில் வெடித்தது. வாடிக்கையாளர் வந்தால் வினிஃப்ரெட் கைகளை ஏப்ரன் பைக்குள் விட்டுக்கொள்வாள். கஸ்தூரி அதைப் பார்க்காமல் இல்லை.

இரண்டு வருடம் போனால் முக அலங்காரம் செய்யும் கட்டிலுக்கு மாற்றுவதாகக் கஸ்தூரி வாக்குக் கொடுத்திருந்தாள். வினிஃப்ரெட் அதற்காகத்தான் காத்திருந்தாள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் ஒரு துண்டைச் சுருட்டித் தலைபோல வைத்து, தாடையிலிருந்து மேல்நோக்கி நீவிப் பழகிக்கொண்டிருப்பாள்.

அந்த நாள் தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. கட்டிலில் படுத்திருந்தவர், கடைக்கு நெடுநாளாக வரும் சந்திரமதி டீச்சர். வினிஃப்ரெட் கன்னத்தைத் தொட்டதும் கண் திறந்தார்.

"ஐயோ, மணல்தாள் போட்டுத் தேய்க்கிறியாம்மா? என்னா கை இது? ஒட்டிக்கிற நோயா?"

கடையில் இன்னும் ஐந்து பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் திரும்பினார்கள். வினிஃப்ரெட் கஸ்தூரியைப் பார்த்தாள்.

ஒரே ஒரு வாக்கியம் போதும். 'ஒட்டாது டீச்சர், என் கடை ஷாம்பூவும் சாயமும் பண்ணின வேலை.' கஸ்தூரிக்கு அது தொண்டைவரை வந்தது.

"நீ போய் துண்டெல்லாம் காயப்போடு, வினி," என்றாள் கஸ்தூரி.

வினிஃப்ரெட் போய்க் காயப்போட்டாள். மாதக் கடைசிவரை வேலை பார்த்தாள். "ஊருக்குப் போறேன்க்கா," என்று மட்டும் சொன்னாள். சண்டை போட்டிருந்தால்கூடக் கஸ்தூரிக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

ஒரு வருடம் கழித்து, கல்யாணப்பெண் அலங்காரத்துக்காக வினிஃப்ரெட்டின் ஊர்ப்பக்கமான சிகாமட் போன கஸ்தூரி, அங்கே ஒரு கேக் கடையில் அவளைப் பார்த்தாள். பெட்டிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்த கைகளில் ஒரு வெடிப்புகூட இல்லை.

"எப்படிடி ஆறுச்சு? எந்தக் கிரீம்?"

"சாதாரண கிரீம்தான்க்கா. ஈரம் காயறதுக்குள்ள போட்டுறுவேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்லுவீங்க, கேக்காமலா இருப்பேன்?" வினிஃப்ரெட் சிரித்தாள். "மூணே மாசந்தான், சரியாயிருச்சு."

மூன்றே மாதம். கஸ்தூரியின் தொட்டியருகே இரண்டு வருடம் ஆறாதது.

"திரும்பி வாயேன். கட்டில் உனக்குத்தான். இப்ப அங்க எல்லாரும் கிளவுஸ் போடறாங்க."

"வேணாம்க்கா." ரிப்பனின் நுனியைக் கத்தரித்தாள். "அந்த டீச்சர் இன்னும் வர்றாங்களா?"

"வர்றாங்க."

"ஒட்டாதுன்னு அவங்ககிட்ட சொன்னீங்களா?"

கஸ்தூரி கேக் பெட்டியை வாங்கிக்கொண்டாள். காசைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள்.

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வந்து படுத்தார். கஸ்தூரி கைகளைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்றதை ஒருவழியாகச் சொன்னாள். "டீச்சர், வினியோட கை... அது ஒட்டற நோய் இல்ல. என் கடை வேலையால வந்தது."

டீச்சர் கண்ணை மூடியபடியே கேட்டார்.

"எந்த வினி?"