ரிக் ஓனர் வீட்டுக் காபி

இன்று காலை மகள் கல்யாணப் பத்திரிகை வைக்கத் திருச்செங்கோட்டில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனேன். மூன்று ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடுகிறவர். லாரி ஓட்டும் என் மச்சானும் கூட வந்தார்.

உட்கார்வதற்குள் சமையல் மேடைக்கு இழுத்துப் போய் ஒரு புது மிஷினைக் காட்டினார். தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆவியாக்கிச் சொட்டுச் சொட்டாக வடிக்கிறதாம். அடியில் படிந்த வெள்ளைக் கசடைப் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறார், வருகிறவர்களை மிரட்ட.

"பாத்தீங்களா? இதத்தான் நீங்கெல்லாம் குடிச்சுட்டு இருக்கறீங்க."

அந்தக் கசடு வந்தது அவர் வீட்டு போரிலிருந்து. அவரே தன் ரிக்கை நிறுத்தி ஆயிரம் அடி இறக்கிய போர்.

"ஏனுங்க, இது நாங்க பேட்டரிக்கு ஊத்தற தண்ணிதானுங்களே?" என்றார் மச்சான். ஐயாவுக்குக் காது கேட்கவில்லை.

காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். "ருசியே தனிங்க. இனி போர்த்தண்ணிக் காப்பிய என்னால வாயில வெக்க முடியாது."

டம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போனபோது அவர் மனைவியிடம் மிஷின் எப்படி என்று கேட்டேன்.

"ஒரு ஜக்கு நெறைய அஞ்சு மணி நேரம் ஆகுது சாமி. அதுல எங்க காப்பி வெக்கறது? வாங்குன நாள்ல இருந்து போர்த்தண்ணிதான். அவருகிட்டச் சொல்லீராதீங்க."

சொல்லவில்லை. வெளியே வந்தபோது ருசி நிபுணர் இரண்டாவது டம்ளர் கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்கள் சொந்தத்திலும் இப்படி ஒரு நாக்கு இருக்கிறதா?