பிலோமினாவின் தொட்டி

சார், நீங்கள் பொய் சொல்லியிருக்கிறீர்கள். அன்றைக்குக் காகிதத்தில் சொன்னீர்கள். இன்றைக்கு அச்சில் சொல்லியிருக்கிறீர்கள்.

மற்றவர்களுக்கு விஷயம் புரியாது, அவர்களுக்காகவும் சொல்கிறேன். போன வாரம் சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கப் போனபோது, பழைய சக ஊழியர் ஒருவர் என் கையில் ஒரு நினைவு மலரைத் திணித்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மீன் வளர்ப்பு சொல்லித் தந்த எங்கள் பயிற்சி நிலையத்தைப் பற்றிய மலர். நிலையத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று, மலர் மட்டும் பளபளவென்று இருக்கிறது. அதில் எங்கள் கண்காணிப்பாளரின், அதாவது உங்கள், பேட்டி. 'முதல் தொட்டி மீன்கள் ஒரு மாணவியின் கவனக்குறைவால் செத்தன' என்று ஒரு வரி. படித்ததும் பிளீச்சிங் பவுடர் வாடை மூக்கில் ஏறியது. கடை வாசலில் நின்று தும்மினேன். கடைக்காரர் மிளகாய் மூட்டையை நகர்த்தி வைத்தார், பாவம்.

எழுபதுகளில் நடந்தது. வேளிக் காயலுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. மழையில் அது உடைந்தால் கடல்தண்ணீர் காயலுக்குள் வரும், கூடவே மீன்குஞ்சுகளும் வரும். அதன் பக்கத்தில் ஒரு ஓலைக் கூரை, நாலு சிமெண்டுத் தொட்டி, இருபது பிள்ளைகள். நான் உதவியாளன்.

எனக்கு அந்த வேலை கிடைத்த கதையே கேவலம். அப்பா ஆரியசாலையில் ஒரு பிண்ணாக்குக் கடையில் இருந்தார். "மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். "மீனுக்குப் போடுற பிண்ணாக்கைப் பத்தித் தெரியும் சார்" என்றேன். சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள். எங்களுடையது திருநெல்வேலிச் சைவ வீடு. முதல்நாள் ஒரு குஞ்சைக் கையில் வாங்கி, மணலில் வாந்தி எடுத்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாயங்காலம் அம்மா கிணற்றடியில் குளிக்க வைத்துத்தான் உள்ளே விடுவாள். "தெருப்பூனை பூராவும் உன் பின்னாலதாம்ல வருது" என்பாள்.

புத்தகமெல்லாம் கிடையாது. பழைய வேட்டியால் குஞ்சு பிடித்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டு, எது பூமீன், எது மடவை என்று கண்ணால் பிரிக்க வேண்டும். தொட்டித் தண்ணீர் பாசிப் பச்சையாக இருக்கும். அந்தப் பச்சைதான் குஞ்சுகளின் சாப்பாடு. முழங்கை முங்கும்வரை கையை நேராக விட வேண்டும். உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் சரி. பளிச்சென்று தெரிந்தால் மீனுக்குப் பட்டினி. தெரியவே இல்லையென்றால் மீனுக்கு மூச்சு முட்டும்.

பிலோமினா வலியதுறைக் கடற்கரைப் பெண். பதினாறு வயது. அம்மா தலைச்சுமையாக மீன் விற்றாள். மற்றப் பிள்ளைகள் தண்ணீரை உற்றுப் பார்ப்பார்கள், இவள் கையை விட்டதும் கண்ணை மூடிக்கொள்வாள். "பாக்க வேண்டாமாடி?" என்றால், "வெள்ளத்தோட கனம் கையிலே தெரியும் அண்ணா. அண்ணனுக்குப் பிண்ணாக்கு மாதிரி" என்பாள். வெள்ளம் என்றால் அங்கே மலையாளத்தில் தண்ணீர். முதல் தொட்டி அவள் பொறுப்பு. அவள் சொன்ன நாளில் தண்ணீர் மாற்றினோம், அவள் சொன்ன நாளில் தீனி குறைத்தோம். ஒரு குஞ்சுகூடச் சாகவில்லை.

அந்த வருஷம் ஒரு பிள்ளையைக் குஞ்சு பொரிக்கும் பயிற்சிக்குக் கொச்சிக்கு அனுப்புவதாக இருந்தது. முடித்தால் வேலை. போவது பிலோமினாதான் என்பதில் மற்றப் பிள்ளைகளுக்கே சந்தேகம் இல்லை. "அம்மை தலையில உள்ள கூடை என் தலைக்கு வராது, பாத்துக்கோ அண்ணா" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்போது மேலிடத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. முந்தின நாள் காலை கண்காணிப்பாளர் முதல் தொட்டியை எட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"எடோ, என்ன இது, சாக்கடை மாதிரி? வர்றவருக்கு மீன் தெரிய வேண்டாமா? வெள்ளம் மாத்து."

"சார், பச்சை இருக்கணும்னு..."

"பிண்ணாக்குக்காரன் எனக்குக் கிளாஸ் எடுக்கிறியா?"

குழாயைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். பிள்ளைகள் எல்லாரும் காயலில் குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டியை முக்கால்வாசி வடித்துவிட்டுக் குழாயைத் திறந்தேன். என் கையால் திறந்தேன். குடிநீர்க் குழாய் அது, தண்ணீரில் மீனைக் கொல்லும் பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது. எனக்கு மூக்கு இல்லாமல் இல்லை. வேலை போய்விடுமே என்ற பயம்தான்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆனது. மீன்கள் நன்றாகத் தெரிந்தன. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மத்தியானத்துக்குள் எல்லாம் வயிறு மேலாக மிதந்தன. பிலோமினா ஈரப் பாவாடையோடு ஓடிவந்தாள். கையை விட்டாள். வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் பெரிய அதிகாரி வரவே இல்லை. ஆனால் செத்த மீனுக்குக் காரணம் எழுதியாக வேண்டுமே. தொட்டி சுத்தமாக இருக்க இடையிடையே கொஞ்சம் சுண்ணாம்பு போடுவது வழக்கம். 'மாணவி சுண்ணாம்பை அளவுக்கு மீறிப் போட்டார்' என்று கண்காணிப்பாளர் எழுதி, கீழே சாட்சியாக என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

"சுண்ணாம்புச் சாக்கை நான் தொட்டதேயில்ல. அண்ணனுக்குத் தெரியுமல்லோ?" என்று பிலோமினா கேட்டாள். நான் பிண்ணாக்கு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கட்டி முடித்த பிறகும் கட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை. கொச்சிக்கு வேறொரு பிள்ளை போனது.

சில வருஷம் கழித்துக் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். தலையில் கூடை. மீன் கூடையோடு ஏறக்கூடாது என்று கண்டக்டர் விரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டாள். "மீன் வேணுமா அண்ணா? செத்ததுதான். பயப்படாம வாங்கலாம்" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையெழுத்துப் போட்டதைக்கூட ஒருநாள் மறந்துவிடுவேன், அந்தச் சிரிப்பை மறக்க முடியவில்லை.

மலரைப் படித்த மறுநாள் வலியதுறைக்குப் போனேன். பிலோமினா இறந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அவள் மகள் இருந்தாள். "அம்மை அதைப் பத்திப் பேசவே மாட்டா. இங்க எல்லாரும் மீனைக் கொன்ன பிலோமினான்னுதான் சொல்லுவாங்க" என்றாள். நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் திட்டவில்லை. "அங்கிள் இதை அம்மை இருக்கும்போ வந்து சொல்லியிருக்கலாமல்லோ" என்று மட்டும் சொன்னாள்.

திரும்புகிற வழியில் வேளியில் இறங்கினேன். தொட்டிகள் இல்லை. ஓலைக் கூரை இருந்த இடம்கூட எனக்கு அடையாளம் தெரியவில்லை. உல்லாசப் பயணம் வந்த பள்ளிப் பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்றார்கள். ஒரு சிறுமி குனிந்தாள். "வெள்ளத்தைத் தொடாதே, அழுக்கு" என்று டீச்சர் இழுத்துவிட்டார். பூமீன் எது, மடவை எது என்று கேட்டால் அங்கே சொல்ல ஒரு பிள்ளை கிடையாது. சொல்லித் தரவும் ஆள் கிடையாது.

சார், என் பங்கை நான் எழுதிவிட்டேன். குழாயைத் திறந்தவன் நான், பொய்யில் கையெழுத்துப் போட்டவன் நான். வயதாகிவிட்டது, ஞாபகம் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. மாணவியின் கவனக்குறைவு மட்டும் ஞாபகம் இருந்திருக்கிறதே. தண்ணீரை மாற்றச் சொன்னது யார்? சுண்ணாம்பு என்று எழுதியது யார்? எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், போனும் செய்ய வேண்டாம். உங்கள் பேட்டியை அச்சடித்தவர்களையே கூப்பிட்டு, பிலோமினாவின் பெயரையும் உங்கள் பெயரையும் போட்டு, எல்லோரும் படிக்கும்படி பதில் சொல்லுங்கள்.