கொலுப் படங்களில் அக்காவின் கன்னம்

எங்கள் அக்கா பிறந்தது கரமனை அக்கிரகாரத்தில், ஓர் ஆவணி அவிட்டத்தன்று. முப்பத்தொரு வயதில் அத்திம்பேரை இழந்து, ஒற்றைப் பெண்ணை வளர்த்தபடியே கிழக்கேகோட்டைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தார். அவர் குரல் மூன்று வகுப்பறை தாண்டிக் கேட்கும்.

ஆண்டுதோறும் சரஸ்வதி பூஜையன்று கொலுவுக்கு முன்னால் அக்காவை நிறுத்திப் படம் எடுப்போம். பின்புறம் தேதி எழுதுவது என் பொறுப்பு. ஒரு வருஷம் படத்தைப் பார்த்த உறவினர்கள், கன்னம் பூசினாற்போல் இருக்கிறது, இப்போதுதான் உடம்பு தேறியிருக்கிறது என்று மகிழ்ந்தார்கள். நானும் மகிழ்ந்தேன். அடுத்த மூன்று வருஷமும் மகிழ்ந்தோம். அது வலது தாடைக்குள் வளர்ந்த கட்டி.

பல் ஆடத் தொடங்கிய பிறகே மருத்துவமனைக்குப் போனோம். முதல் அறிக்கை, வேகமாகப் பரவும் புற்றுநோய் என்றது. பேச்சு மிஞ்சுமா என்ற கவலையோடு வேறு மருத்துவரைத் தேடினோம்.

இரண்டாவதாகப் பார்த்த அறுவை மருத்துவர், வீக்கம் எப்போது தொடங்கியது என்று கேட்டார். ஆறு மாதம் என்றார் அக்கா. நான் கையோடு கொண்டுபோயிருந்த நான்கு கொலுப் படங்களைத் தேதி வரிசையில் மேசைமேல் வைத்தேன். வேகமாகப் பரவும் நோய் நாலு வருஷம் இப்படிக் காத்திருக்காதே என்று சொல்லி, அவர் திசுவை, கட்டி எந்தச் செல்லில் தோன்றியது என்று காட்டும் மார்க்கர் சோதனைக்கு அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் முடிவு வந்தது: பல் உருவாக்கும் செல்களில் தோன்றும் அபூர்வக் கட்டி. மெதுவாக வளர்வது, பெரும்பாலும் வேறிடம் பரவாது. ஆனால் அந்தப் பக்கத் தாடையெலும்பை முழுதும் எடுத்தாக வேண்டும். காலிலிருந்து எலும்பெடுத்துப் புதுத் தாடை செய்யலாம் என்றார்.

"அப்போ தாடை வலிச்சா காலைத் தடவிக்கணுமாடா?" என்று அக்கா என்னிடம் கேட்டார். பிறகு மருத்துவரைப் பார்த்து மலையாளத்தில் ஒன்றே ஒன்று: "டாக்டரே, எனிக்கு இனி கிளாஸ் எடுக்கான் பற்றுமோ?"

"பற்றும் டீச்சரே. பக்ஷே க்ஷம வேணும்."

முடியும், ஆனால் பொறுமை வேண்டும் என்றார் அவர். பொறுமை அக்காவிடம் இருந்தது. வியாழக்கிழமை அறுவை, பதினோரு மணி நேரம். தையல் ஆறியதும் தினமும் கண்ணாடி முன் பதினேழாம் வாய்ப்பாடு. அடுத்த அறையில் மகள் காதில் விழுந்ததை எழுதுவாள். ஓர் எண் பிசகினாலும் அக்கா முதலிலிருந்து தொடங்குவார்.

பள்ளி திறந்த அன்று நாற்பத்திரண்டு பெயர்களை வாசித்தார். ஒரு குழந்தைகூட "என்ன டீச்சர்?" என்று திருப்பிக் கேட்கவில்லை.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் பாடம் நடத்தி ஓய்வு பெற்றார். கட்டி திரும்பவே இல்லை. சென்ற ஆண்டு தூக்கத்தில் இதயம் நின்றது. தாடை கடைசிவரை நின்றது.

அந்த மருத்துவருக்கும், திசுவை மறுபடி பார்த்தவர்களுக்கும், கஞ்சி வடித்துக் கொடுத்த தெருவாருக்கும் எங்கள் வணக்கம். இந்த நினைவு மலரின் அட்டையிலுள்ளது கடைசிக் கொலுப் படம். அதில் அக்காவின் வாய் திறந்திருப்பதை அச்சகத்தார் குறையாகச் சொன்னார்கள். மாற்ற வேண்டாம் என்றேன். அக்கா பேசிக்கொண்டிருந்தார்.